பத்து தீகாவில் உன் கொரோலாவுக்கு நடந்தது

ஆசைத் தம்பி பாலாவுக்கு,

உன்னைத் திட்டாமல் ஒரு நாளும் சோறு போடாத அக்கா எழுதுகிறேன். இப்போதும் திட்டத்தான் எழுதுகிறேன். நீ காதில் வாங்கப் போவதில்லை. இருந்தபோது மட்டும் வாங்கினாயா?

அடுத்த வாரம் உனக்கு முதல் வருஷத் திதி. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி கொடுத்தால் போதும் என்று அப்பா சொன்னார். "கண்ணீருடன் குடும்பத்தார்னு போட்டா முடிஞ்சது லா, எல்லாரும் அப்படித்தானே போடறாங்க" என்றார். பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைப்ரைட்டரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேனாவோடு உட்கார்ந்தேன். நாலு வரி வரவில்லை, கோபம்தான் வந்தது. அதனால் இது நீளமாகத்தான் போகும். பத்திரிகைக்காரர் போட்டால் போடட்டும், வெட்டினால் வெட்டட்டும்.

முதலில் ஊருக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. என் தம்பி காரில் அடிபட்டுச் சாகவில்லை. ரேஸ் ஓட்டுகிற பையன், இருபத்தாறு வயசு என்றதும் எல்லாரும் ஒரே மாதிரி தலையை ஆட்டுகிறார்கள். "ஸ்பீடு லா, என்ன பண்றது" என்கிறார்கள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், நெஞ்சில் சளி கட்டி, வாயில் குழாயோடு படுத்து, அப்படியே போய்விட்டான். எந்தக் காரும் அவனை ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கார் எங்கள் உயிரைத்தான் வாங்குகிறது.

ஆமாம் பாலா, உன் கொரோலா செந்தூல் ப்ளாட்டுக்குக் கீழே நீ விட்ட இடத்திலேயே ஒரு வருஷமாக நின்றது. கீழ்வீட்டு ஆன்டி வாரா வாரம் வந்து, "அந்தக் காருக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு" என்று முறையிட்டாள். அம்மா தினமும் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். அப்பா அதைப் பார்க்காமல் இருக்கவே மார்க்கெட்டுக்குப் பின்வழியாகச் சுற்றிப் போனார். ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷன், ஒரு காரைக் கண்டு பயந்தார்.

கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். கிள்ளான் பக்கம் மேருவில் ஒருத்தர் காரை விலைக்குக் கேட்கிறாராம், கொடுத்துவிடலாமாம். நான்தான் உடனே சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். ஒரே ஒரு தடவை அது ரேஸை ஓடி முடிக்கட்டும், அப்புறம் எங்கேயாவது தொலையட்டும் என்றேன்.

ஏன் தெரியுமா? எல்லாம் அந்தப் பட்டப்பெயரால்தான். பாதி வழி பாலன்! ரேடியேட்டர் வெடித்தது ஒரு தடவை, ஏதோ பெல்ட் அறுந்தது ஒரு தடவை, சக்கரமே தனியாக ஓடியது ஒரு தடவை. நீ எந்த ரேஸையும் முடித்ததே இல்லை. நீயும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். உன் கூட்டாளிகள் பாசத்தில்தான் அப்படிக் கூப்பிட்டார்கள், தெரியும். ஆனால் உன்னை எடுக்கிற அன்றைக்கு, வீட்டு வாசலில் எவனோ ஒருத்தன் இன்னொருத்தனிடம் "நம்ம பாதி வழி பாலன் லா" என்று அழுதுகொண்டே சொன்னான். அது என் காதில் விழுந்தது. இன்னும் போகவில்லை. உன் கார் ஒரு தடவை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பெயர் செத்துப்போகும் என்று எனக்கு ஒரு வெறி. அந்தப் பெயரையும் காரையும் ஒன்றாகத் தலை முழுகிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

கிள்ளானிலிருந்து உன் கூட்டாளி சேகர் வந்தான். மூன்று மாசம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, பூனையை விரட்டி, எஞ்சினைப் பிரித்துப் பூட்டினான். இடுப்பில் புதுசாக ஒரு பேஜர், அது நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தும். கத்தினால் போன் பூத்தைத் தேடி ஓடுவான். "அக்கா, பாலா செஞ்ச எதையும் நான் மாத்தல. சுத்தம் மட்டும்தான் பண்ணேன்" என்று கண் கலங்கச் சொன்னான். அதற்கு மேல் அவனை நான் என்ன திட்ட?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து தீகா ரேஸ் திடலுக்குப் போனோம். சேகர் உன் காரை ஓட்டினான். நானும் அம்மாவும் பின்னால் அவன் மாமாவின் வேனில். அம்மா கையில் புளிச்சோறு, ஒரு குடை, ஒரு துணிப்பை. பையில் என்ன என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு?" என்றாள். அப்போதே பிடுங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கூத்துக்காகவா பாலா நீ வாரம் முழுக்க உழைத்தாய்? ஒரு பெரிய தார்த் திடல். ஒரு மரம் இல்லை, ஒரு நிழல் இல்லை. வரிசை வரிசையாகக் கார்கள், எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் நாலு பேர் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். எவனும் எதையும் செய்யவில்லை, சும்மா பார்க்கிறான். ஒருத்தன் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பத்துப் பேர் ஆகா என்கிறார்கள். புகைக்குழாய் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப் போனது. நேற்றுவரை மார்க்கெட்டுக்குப் போன சாகா மாடல் காருக்கெல்லாம் பின்னால் பலகை வைத்து, பக்கத்தில் நெருப்புப் படம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணைப் பார்த்து எவனும் பேசவில்லை. என்னிடம் கேட்க வேண்டியதைக்கூடச் சேகரிடம் கேட்டார்கள். நான் அங்கேயேதான் நிற்கிறேன், அவன் பெட்ரோல் ஊற்றப் போயிருக்கிறான், அவன் வரும்வரை காத்திருந்து கேட்டார்கள்.

கார்களைச் சோதிக்கிற இடத்தில் முதல் சண்டை. சோதிக்கிறவர் நம் ஆள், அட்டையும் பேனாவுமாக ஓர் அங்கிள். பெல்ட் பார்த்தார், பிரேக் பார்த்தார், எல்லாம் சரி என்றார். அப்புறம் கதவில் நீ வெள்ளைப் பெயிண்டில் எழுதிய உன் பெயரைப் பார்த்தார்.

"டிரைவர் பேரு சேகர்னு போட்டிருக்கு. கதவுல வேற பேரு இருக்கே?"

"அது கார் வச்சிருந்தவன் பேரு அங்கிள். என் தம்பி. இறந்துட்டான்" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஆனால் அட்டையைக் கீழே வைக்கவில்லை. "சாரிமா. ஆனா ரூல்னா ரூல் லா. ஓட்டறவன் பேருதான் இருக்கணும். மேல டேப் ஒட்டிடுங்க."

நான் கத்தினேன். தமிழில் கத்தினேன், போதாமல் மலாயிலும் கத்தினேன். பெயர் என்ன செய்யும், பெயர் வண்டியை நிறுத்துமா என்று கேட்டேன். பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. சேகர் என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, உன் பெயருக்கு மேல் அகலமான டேப்பை ஒட்டினான். அதன் மேல் மார்க்கர் பேனாவால் தன் பெயரை எழுதினான். எழுத்துக் கோணிப் போனது. உன் பெயரை ஊர் முன்னால் ஓட விட வந்தவள் நான். அதை மூடி வைத்துவிட்டு உள்ளே போனோம்.

அடுத்தது, சேகர் எஞ்சினுக்கு மேல் இருந்த ஃபில்டரைக் கழற்றினான். ரோட்டில் ஓடும்போது தூசி போகாமல் இருக்கத்தான் அது, ரேஸில் கழற்றிவிட்டால் காற்று நன்றாக இழுக்கும் என்றான். உள்ளே அந்தக் கார்புரேட்டர் தெரிந்தது, பெட்ரோலும் காற்றும் கலக்கிற சாமான். நாலு குழல், ஒவ்வொன்றும் நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்து, பளபளவென்று. ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் இதைப் பற்றித்தானே பேசி என் உயிரை வாங்குவாய்? எனக்குப் புரியாத சொற்களெல்லாம் உன்னால் மனப்பாடம் ஆகிக் கிடக்கின்றன. இப்போது அவற்றை யாரிடம் சொல்ல?

ஓட்டுகிறவர்களை எல்லாம் ஒரு கூடாரத்துக்குக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார்கள். சேகர் போனான். அம்மா தாகம் என்றாள், நான் ஐஸ் தண்ணீர் வாங்கப் போனேன். அங்கே ஒரு வரிசை, அதில் பாதிப் பேர் வரிசைக்குள் புகுகிறவர்கள். திரும்பி வரும்போது அம்மா வேலையை முடித்திருந்தாள். உன் கார் முகப்பில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமப் பொட்டு. முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம். சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். பக்கத்து வெள்ளைக் காரின் சொந்தக்காரன் ஜைனல், உன்னோடு மூன்று வருஷம் போட்டி போட்டவன், அவனும் சிரித்தான். அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குடையை விரித்து உட்கார்ந்துகொண்டாள்.

சேகர் வந்து மூடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்து கிளப்பினான். சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. கார் ரெண்டடி போனது. இருமியது. டப் டப் என்று வெடித்தது, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

திரும்பக் கிளப்பினான், திரும்ப நின்றது. மற்ற கார்களெல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு வரிசைக்குப் போகின்றன. ஒலிபெருக்கியில் யாரோ நம் கார் எண்ணைச் சொல்லி உடனே வரச் சொல்கிறார்கள். பின்னால் எவனோ ஒருத்தன், எனக்குக் கேட்காது என்று நினைத்து, "பாதி வழி கூட இல்ல டா இன்னைக்கு" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த ஐஸ் தண்ணீரை அவன் மேல் ஊற்றியிருப்பேன். அம்மாவுக்கு வாங்கியது என்பதால் விட்டேன்.

சேகர் மூடியைத் திறந்து அந்த நாலு குழலுக்குள் விரலை விட்டான். விரல் வெள்ளையாக வந்தது. குழலின் உள்பக்கமெல்லாம் மாவு மாதிரி ஏதோ, பெட்ரோலில் குழைந்து அப்பிக் கிடந்தது. அவன் முகம் கறுத்துப் போனது.

"எவனோ பவுடர் போட்டுட்டான் அக்கா! வேணும்னே பண்ணியிருக்கான்!"

அவன் கண் நேராக ஜைனல் பக்கம் போனது. "அவன்தான் சிரிச்சிட்டு இருந்தான்" என்று ஸ்பேனரோடு எழுந்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். போகிற போக்கில் அந்தக் குழலுக்குள் ஒரு விரலை விட்டு மோந்து பார்த்தேன்.

பெட்ரோல் நாற்றத்துக்கு அடியில் சந்தன வாசனை. நம் கோயில் பொட்டலம்.

பாலா, நமக்குப் பரீட்சை என்றால் அம்மா என்ன செய்வாள்? நெற்றியில் பூசுவாள், விரலில் ஒட்டியிருக்கிற மிச்சத்தை வாயைத் திறக்கச் சொல்லி நாக்கில் போடுவாள். கார் வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒன்றல்ல, நாலு வாய்!

சேகரின் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினேன். "டேய், இது விபூதி" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். குடைக்கு அடியில் அமைதியாக உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான். அப்படியே தார்மேல் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று மாச வேலை, ஒரு வருஷக் காத்திருப்பு, எல்லாம் ஒரு சிட்டிகையில் போச்சு. இந்த அம்மாவை என்ன செய்வது சொல்? எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம், எதையும் கேட்காமல் தொடாதே என்று. ரேடியோவுக்குப் பொட்டு வைத்து வைத்தே அது பாடாமல் போனது. போய் ஒரு பிடி பிடிக்கலாம் என்று திரும்பினேன்.

அதற்குள் ஜைனல் வந்துவிட்டான். அவன் வரிசைக்குப் போக வேண்டிய நேரம், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "அப்பா இனி, கக்?" என்றான். இது என்ன அக்கா என்று மலாயில் கேட்கிறான். அபு செம்பாஹ்யாங், சாமி கும்பிடுகிற சாம்பல் என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. என் அம்மா போட்டது என்றேன்.

அவன் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். "மக் சாயா புன் சாமா லா" என்றான், அவன் அம்மாவும் இப்படித்தானாம். தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்து, அதை ரேடியேட்டரில் ஊற்றினால்தான் வீட்டை விட்டு வண்டியை எடுக்க விடுவாளாம். "நசிப் பாயிக் ரேடியேட்டர்" என்று சிரித்தான். எஞ்சினுக்குள் ஊற்றாமல் ரேடியேட்டரோடு நிற்பது அவன் அதிர்ஷ்டமாம். அப்புறம் தன் ஆட்களைக் கூப்பிட்டு, காற்றடிக்கிற இயந்திரத்தைச் சேகருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வரிசைக்கு ஓடினான். சேகர் அவனை அடிக்கப் போனது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

சேகரும் ஜைனலின் ஆட்களும் அந்தச் சாமானைப் பிரித்து, ஊசித் துளைகளை ஒவ்வொன்றாக ஊதிச் சுத்தம் செய்தார்கள். அவர்கள் ஊதிக்கொண்டிருக்கும்போதே ரேஸ் தொடங்கிவிட்டது. கார்கள் சுற்றிச் சுற்றி வந்தன. ஒவ்வொரு தடவை அவை எங்களைத் தாண்டும்போதும் நான் சுற்றை எண்ணினேன். அம்மா மட்டும், "நம்ம வண்டி எப்ப போகும்?" என்று நிதானமாகக் கேட்டாள். "போகும், வாயை மூடிட்டு உக்காரு" என்றேன். மூடிக்கொண்டாள்.

ஒருவழியாகக் கிளம்பியது பாலா. சுத்தமாக இல்லை. வளைவுக்கு வளைவு இருமிக்கொண்டு, நேரான இடத்தில் மட்டும் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓடியது. எல்லாருக்கும் கடைசி. முன்னால் போகிறவர்கள் அதைச் சுற்றுக்குச் சுற்று தாண்டினார்கள். நடுவில் மழை வேறு பிடித்துக்கொண்டது. நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நனைந்தேன். போ, நிற்காதே, நாயே, பேயே, சனியனே, நிற்காதே என்று கத்திக்கொண்டிருந்தேன். யாரைச் சொன்னேன் என்று கேட்காதே.

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை வீசத் தொடங்கினார்கள். முதலில் வேறு யாரோ, அடுத்து ஜைனல், அப்புறம் ஒவ்வொருத்தராக. எல்லாரும் போன பிறகு மழைக்குள்ளிருந்து உன் கொரோலா வந்தது. ஒரு விளக்குதான் எரிந்தது. கொடிக்காரர் கொடியைச் சுருட்டப் போனவர், அதைப் பார்த்துத் திரும்ப விரித்து வீசினார். கோட்டைத் தாண்டியது பாலா! என் கண்ணால் பார்த்தேன். சேகர் கையை வெளியே நீட்டி ஆட்டினான். நான் வேலி மேல் ஏறிவிட்டேன். முப்பது வயசுப் பொம்பளை, ஆபீஸில் என்னை எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுகிறார்கள், சேலையோடு வேலி மேல்.

முடிந்தது, செத்தது அந்தப் பெயர் என்று ஓடினேன். பலகையில் முடிவு ஒட்டியிருந்தார்கள். மேலிருந்து கீழே பார்த்தேன். நம் எண் இல்லை. அடியில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இருந்தது. முடித்தவர்கள் கணக்கில் இல்லை என்று எழுதியிருந்தது.

அதே அட்டை அங்கிளைத் தேடிப் பிடித்தேன். "கொடி வீசினாங்களே அங்கிள்! எல்லாரும்தானே பார்த்தாங்க?"

"பார்த்தேன்மா, நானும் பார்த்தேன். ஆனா மொத்தச் சுத்துல பாதியாவது ஓடியிருக்கணும். அப்பதான் கணக்குல சேரும். உங்க வண்டி ஒரு சுத்து கம்மி."

பாதி! கேட்டாயா? அந்தச் சொல்லைத்தான் சொன்னார் மனுஷன். என்ன கெஞ்சினேன் தெரியுமா? லேட்டாக விட்டது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன், ஒரு வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை அவன் கார் முடித்திருக்கிறது, எழுதினால் என்ன குறைந்துவிடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதுதான் இன்னும் எரிச்சல். கத்தினாலாவது திரும்பக் கத்தலாம். "அடுத்த தடவை வாங்கமா" என்றார்.

திரும்பி வந்து கதவிலிருந்த டேப்பைப் பிடித்து இழுத்தேன். உன் பெயரையாவது வெளியே எடுக்கலாம் என்று. மழையில் ஊறிப் பெயிண்டும் கூடவே உரிந்து வந்தது. இப்போது உன் பெயரில் கடைசி எழுத்து இல்லை. சேகர் எழுதித் தருகிறேன் என்றான். அவன் கையெழுத்தை நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன்.

வேன் பின்கதவைத் திறந்து போட்டு அம்மா சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சேகருக்கு ஒரு பொட்டலம், ஜைனலின் ஆட்களுக்குக்கூட ஆளுக்கொன்று. ஆட்களை எண்ணாமலேயே எப்படித்தான் சரியாகக் கட்டிக்கொண்டு வருவாளோ. அம்மாமேல் இருந்த கோபத்தை அதுவரை அடக்கித்தான் வைத்திருந்தேன். இன்றைக்கு விடக் கூடாது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அந்த எஞ்சினுக்குள்ள நீ என்ன போட்ட?"

ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னாள். "விபூதிதான் போட்டேன். நாலு வாய் வச்சிருக்கான்ல உன் தம்பி. நாலுலயும் ஒரு சிட்டிகை. தீர்த்தமும் ரெண்டு சொட்டு விட்டேன். அதான்டி, கிளம்பவே மாட்டேன்னு நின்ன வண்டி கடைசி வரைக்கும் ஓடிச்சு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன். "யாராவது வாய்க்குள்ள போடுவாங்களாம்மா?"

அம்மா இலையில் சோற்றை அமுக்கி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனேன். அவன் வாயில குழாய் இருக்கு, ஒன்னும் போடக் கூடாதுன்னு அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிடுச்சு. அதுவும் பாவம், அது வேலை அது. நெத்தியில மட்டும்தான் வச்சேன். இன்னைக்கு யாரும் தடுக்கல. வாயும் திறந்தே இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம், "சாப்பிடு, ஆறிடும்" என்றாள். புளிச்சோறு காலையிலேயே ஆறிப் போயிருந்தது.

நாள் முழுக்க எத்தனை பேரிடம் கத்தினேன் பாலா, அந்த இடத்தில் கையை நீட்டினேன். வாங்கிச் சாப்பிட்டேன். அழுகையும் சோறும் சேர்ந்து போனது. சேகர் ஏதோ சொல்ல வந்தான், அவன் காலை மிதித்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அவள் கும்பிட்டதால்தான் கார் ஓடியது என்று ப்ளாட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கீழ்வீட்டு ஆன்டிகூட அந்தப் பக்கம் போகும்போது இப்போது காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பூனைக் குட்டிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

மறுநாள் மேருக்காரருக்கு அப்பா போன் போடப் போனார். கொடுக்க வேண்டாம் என்றேன். "முடிச்சா கொடுத்துடலாம்னு நீதானே சொன்ன?" என்றார். "முடிச்சாத்தானேப்பா" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். கதவில் உரிந்துபோன உன் பெயரை விரலால் தடவிக்கொண்டு நின்றார். இப்போதெல்லாம் மார்க்கெட்டுக்கு முன்வழியாகத்தான் போகிறார்.

நான் உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இருபத்தாறு வயசில் என்னடா அவசரம்? உன் காரைக் கழற்ற எனக்குத் தெரியாது, உன் கூட்டாளிகளோடு பேசத் தெரியாது, அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். நான் என்ன செய்வேன் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தாயா?

சரி, கேட்டுக்கொள். அடுத்த ரேஸுக்கும் உன் கொரோலா போகும். சேகரிடம் சொல்லிவிட்டேன். உன் பெயரை நானே எழுதுகிறேன், அங்கிள் டேப் ஒட்டச் சொன்னால் ஒட்டுகிறேன், அதற்கும் கத்துவேன். அம்மாவும் வருவாள், பையோடுதான் வருவாள். ஃபில்டரைக் கழற்ற வேண்டாம் என்று சேகரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன், காற்றுக் குறைந்தால் குறையட்டும். அப்புறம் அம்மா விபூதியோடு வரும்போது, காரின் வாய் மூடியிருக்கிறதே என்று தேடுவாள். அப்போது நான் குனிந்து என் வாயைத் திறந்து காட்டுவேன். உனக்குப் போட வேண்டியதை எனக்குப் போடட்டும்.

இது சத்தியம்.

உன்னைத் திட்டியே வளர்த்த,
இனியும் திட்டப் போகிற,
உன் ஒரே அக்கா,
வசந்தி,
செந்தூல்.